காம்போதியும் சாரமதியும்

1985இல் 'சிந்து பைரவி' வெளிவந்தபோது இளையராஜாவின் இரசிகரிடையே எழுந்த வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. தியாகராசரின் 'மரி மரி நின்னே' காம்போதி இராகத்துக்குரியது. அதனைச் சாரமதியில் அமைத்தமை மரபுக்கு இழுக்கு என்பர் ஒரு சாரார். (வித்துவான்களே இராகம் மாற்றிப் பாடிவரும் கீர்த்தனைகள் எத்தனையோ! அவற்றை இவர்கள் வினவுவதில்லை.) தெலுங்குக் கீர்த்தனைகளையே பாடும் வித்துவானின் அரங்கில், மக்களுக்கு விளங்கும் பாட்டு வேண்டுமென்று கேட்ட பெண்ணொருத்தி பாடும் காட்சி அது. நாட்டார் பாடற் சாயலுடன் தொடங்கும் 'பாடறியேன்' அக்கீர்த்தனையிற் சென்று கலக்கின்றது. இரண்டும் ஓரிராகமாய் நின்றதனாலேயே அவளது வாதம் சொல்லின்றி நிறுவப்படுகின்றது. காம்போதியைக் காத்திருப்பின் காட்சியே பொய்த்திருக்கும். இப்பாடலுக்காகச் சித்திராவும், படத்தின் இசைக்காக இளையராஜாவும் தேசிய விருது பெற்றனர். விருதும் வழக்கைத் தீர்க்கவில்லை.