அம்மா கேட்க நினைத்திருந்த கேள்வி

என் அண்ணா வெளிநாடு போனபோது எனக்கு 12 வயது, அவருக்கு 21. 1999 ஆம் ஆண்டு மார்கழி மாதம், வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த இரண்டு அறை வீட்டின் படியில் நின்று, "வடிவாப் படி, என்ன" என்று என் தலையைத் தடவிவிட்டு, ஒரு சிறிய பையுடன் வானில் ஏறினார். அதன்பின் 24 வருடங்களாக அவர் எமக்கு ஒரு குரலாகவே இருந்தார். முதலில் காலி வீதியில் இருந்த கொமினிகேசன் கடையில் வரிசையில் நின்று கேட்ட குரல். பிறகு ஒலிநாடாவில் பதிந்து யாரிடமாவது கொடுத்துவிட்ட குரல். பிறகு கைத்தொலைபேசியில் முகமும் சேர்ந்த குரல்.

இதை வாசிக்கும் உங்களில் பலருடைய வீடுகளிலும் இப்படியொரு குரல் இருக்கும். அதனால்தான் 2024 ஆம் ஆண்டு வைகாசியில் அம்மாவும் நானும் ஜேர்மனி போய்வந்த கதையை எழுதத் துணிந்தேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்தவர்கள். 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நாங்களும் நடந்து சாவகச்சேரி போய், அங்கிருந்து அலைந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். 2008 இல் அப்பா கொழும்பில் மாரடைப்பால் இறந்தார். பொறளை கனத்தையில் தகனம் நடந்தது. கொள்ளி வைக்க ஒரே மகன் வரவில்லை. மாமாவின் மகன்தான் வைத்தான். "ஜேர்மனியில சொகுசா இருக்கிறவனுக்குத் தேப்பன்ர செத்தவீட்டுக்கு வரத் தெரியேல்லை" என்று உறவினர்கள் சிலர் எங்களுக்குக் கேட்கவே கதைத்தார்கள். அம்மா வாய் திறக்கவில்லை. எனக்கும் அண்ணாமேல் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தோடுதான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். வெளிநாட்டுப் பணம் குடும்ப உறவுகளை எவ்வாறு மாற்றுகின்றது என்று இறுதியாண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுதி நல்ல புள்ளி பெற்றேன். ஆனால் சொந்த அண்ணாவிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

அண்ணா பிற்பாடு ஜேர்மன் குடியுரிமை பெற்றார். 2019 நடுப்பகுதியில் வருவதாக இருந்தார். அந்த உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் மற்ற இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த வருடம் கொரோனா. 2022 இல் இங்கே எரிபொருளும் இல்லை, மருந்தும் இல்லை. ஒவ்வொரு முறையும் பயணம் தள்ளிப்போக, கடைசியில் அம்மாவே சொன்னார்: "அவன் வாறதும் இல்லை, நான் இருக்கிறதும் இல்லை. நான் போறன். நீயும் வா பிள்ளை."

வீசா எடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவலாம். ஷெங்கன் வீசா என்பது ஒரே வீசாவில் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் போக இடமளிப்பது. 180 நாட்களுக்குள் ஆகக் கூடியது 90 நாட்கள் தங்கலாம். இலண்டனுக்கு அது செல்லாது, வேறு வீசா வேண்டும். அழைக்கும் உறவினர் தமது நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்தில், வருபவரின் செலவை ஏற்பதாகப் பொறுப்புப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்புறுதி கட்டாயம். நாங்கள் விண்ணப்பித்தபோது கட்டணம் ஆளுக்கு 80 யூரோ, 2024 யூனில் அது 90 ஆயிற்று. பயண நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வேலைக் கடிதம், வங்கிக் கணக்குக் கூற்று போன்றவற்றை உள்ளது உள்ளபடி கொடுத்தாற் போதும். "கட்டாயம் எடுத்துத் தருவன்" என்று காசு கேட்பவர்களை நம்பாதீர்கள். வீசா கொடுப்பதும் மறுப்பதும் தூதரகத்தின் முடிவு.

விமான நிலையத்தில் அண்ணாவைக் கண்டதும் நான் நினைத்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. அம்மா அழவில்லை. நரைத்த தலையும் சற்றுக் கூனலுமாக வந்த அந்த மனிதரைப் பார்த்து, "அப்பாவைப்போலவே வந்திட்டாய்" என்று மட்டும் சொன்னார். அண்ணாதான் அழுதார்.

அவர்களது வீடு கொலோன் நகரின் ஒதுக்குப்புறத்தில், மூன்றாம் மாடியில். படங்களில் நாங்கள் பார்த்தது கார், பனி, பிறந்தநாள் கேக். படத்தில் இல்லாதவற்றை அங்கே இருந்தபோதுதான் கண்டோம். அண்ணி காலை 4 மணிக்கு எழுந்து அலுவலகங்கள் கூட்டித் துடைக்கப் போகிறார். அவர் வந்தபின் அண்ணா ஓர் உணவகத்தின் சமையலறைக்குப் போகிறார். இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமையில்தான். அம்மா இரண்டாம் நாளே குசினியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மணக்க, 14 வயதுப் பேத்தி "அப்பாச்சி, இது ஒவ்வொரு நாளும் செய்வீங்களா?" என்று தடக்கித் தடக்கித் தமிழில் கேட்டாள்.

அண்ணா இரண்டு கிழமை விடுமுறை எடுத்திருந்தார். முதலில் ரயிலில் பாரிஸ் போனோம். பெரியம்மாவின் மகள் அங்கே இருக்கிறார். 1889 இல் கட்டிய, 330 மீற்றர் உயரமான ஈபிள் கோபுரத்தை அம்மா கீழே நின்று ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல இரும்பு" என்றார். அவ்வளவுதான். ஆனால் லா சப்பலுக்குக் கூட்டிப்போனபோது அம்மாவுக்குக் கால் நோவே மறந்துவிட்டது. பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்பக்கமாக நீளும் அந்த வீதியில் தமிழில் பெயர்ப்பலகைகள், முருங்கைக்காய், பருத்தித்துறை வடை, புடைவைக் கடை, நகைக்கடை. மாணிக்கப் பிள்ளையாரின் தேர் வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கத்து வீதிகளில்தான் ஓடுகிறது. "இது வெள்ளவத்தைச் சந்தைதானே, குளிர் மட்டும் கூட" என்றார் அம்மா. ஓர் ஊரை விட்டு ஓடிவந்தவர்கள் இன்னோர் ஊரை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று நான் புத்தகத்தில் படித்தது, அங்கே ஒரு கடைக்கார அக்கா அம்மாவின் பையில் விலையில்லாமல் போட்டுவிட்ட கறிவேப்பிலையில் இருந்தது.

கொலோனுக்குத் திரும்பியபின் ஒருநாள் நகரம் பார்க்கப் போனோம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முன்னால் பேராலயம். 157 மீற்றர் உயர இரட்டைக் கோபுரம். 1248 இல் கட்டத் தொடங்கி, இடையில் சுமார் 300 வருடங்கள் வேலை நின்றுபோய், 1880 இல்தான் முடித்தார்களாம். கொட்டாஞ்சேனையில் என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் கேட்டுக்கொண்டபடி அங்கே ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். இரண்டாம் உலகப் போரில் கொலோன் நகரம் திரும்பத் திரும்பக் குண்டுவீச்சுக்கு உள்ளானது. 1942 மே 30 இரவு மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரித்தானிய விமானங்கள் வந்தன. உள்நகரம் பெரும்பாலும் இடிந்துபோக, காயங்களோடு பேராலயம் நின்றது. இப்போது பார்க்கும் கட்டடங்களில் பல பின்னர் எழுந்தவை. "அப்ப இவையளும் எங்களைப்போலத் திரும்பி வந்துதான் கட்டினவையோ?" என்று அம்மா கேட்டார்.

நகரசபைக் கட்டடத்துக்குப் போகும் வழியில், நடைபாதையில் உள்ளங்கையளவு பித்தளைத் தகடுகளைக் கண்டோம். பேத்தி குனிந்து வாசித்துச் சொன்னாள். "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோகப்பட்ட ஆண்டு, கொல்லப்பட்ட இடம். நாசிகள் கொன்ற மனிதர்களின் நினைவாக, அவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் வாசலில் ஒருவருக்கு ஒரு கல். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் முதற் கல்லை 1992 இல் கொலோன் நகரசபைக்கு முன்னால் பதித்தார். 2023 இல் ஐரோப்பா முழுவதிலும் இவை ஓர் இலட்சத்தைத் தாண்டின.

அம்மா விலகி நடந்தார். "பேர் எழுதிக் கிடக்கு, மிதிக்கக் கூடாது." எனக்கு நான் வேலையிற் சந்திக்கும் தாய்மார் ஞாபகம் வந்தார்கள். 2017 மாசியில் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டம் தொடங்கியபோது, கொட்டாஞ்சேனையிலிருந்து போய்வந்த ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "காசு வேண்டாம் பிள்ளை. என்ர பிள்ளை இருந்தவன் எண்டதை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லாமல் இருந்தாற் போதும்." ஒருவர் இருந்தார் என்று சொல்ல உள்ளங்கையளவு இடம் போதும் என்பதை அன்று கண்டேன்.

அதன்பின் அண்ணா எங்களை ஒரு சிறு தெருவுக்குள் கூட்டிப்போனார். போரில் இடிந்த ஒரு பழைய தேவாலயம், புனித அல்பான் தேவாலயம், கூரையில்லாமல் அப்படியே விடப்பட்டிருந்தது. இரும்புக் கம்பிக்கு உள்ளே இரண்டு கற்சிலைகள் முழந்தாளில் இருந்தன. ஓர் ஆண், ஒரு பெண். கேத்தே கொல்விட்ஸ் என்ற பெண் சிற்பி முதலாம் உலகப் போரில், 1914 ஐப்பசியில், தன் இளைய மகன் பீற்றரைப் பெல்ஜியத்தில் இழந்தார். மகனுக்காகச் சிலை செய்யத் தொடங்கியவர், பல தடவை கைவிட்டு, 1932 இல்தான் முடித்தார். மகனுடைய உருவத்தை அல்ல, துக்கப்படும் பெற்றோரைத்தான் இறுதியில் செய்தார். மூலச் சிலைகள் இன்று பெல்ஜியத்தில் மகன் புதைக்கப்பட்ட இடத்தில் இருக்கின்றன. 1959 இல் அவற்றின் பிரதியை இங்கே வைத்தார்கள்.

தகப்பன் நிமிர்ந்து, தன் கைகளால் தன்னையே இறுக்கிக்கொண்டு இருக்கிறார். தாய் குனிந்து போயிருக்கிறார். அம்மா கம்பியைப் பிடித்தபடி கனநேரம் நின்றார்.

"பக்கத்தில பக்கத்தில இருந்தும் ஒராளை ஒராள் பாக்கேல்லை" என்றார். பிறகு திரும்பாமலே கேட்டார்:

"தம்பி, அப்பான்ர செத்தவீட்டுக்கு நீ ஏன் வரேல்லை?"

16 வருடமாகத் தொலைபேசியில் கேட்காத கேள்வி. பேத்தியை அண்ணி மெதுவாக அப்பால் கூட்டிப்போனார்.

அண்ணா சொன்னார். அவரது தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. அந்த நாட்டை விட்டு அனுப்பாமல் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்வதாக ஒரு கடுதாசி மட்டுமே கையில் இருந்தது. ஜேர்மன் மொழியில் அதை 'டுல்டுங்' என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சிலவேளை மாதத்துக்கு ஒருமுறை, நீடிக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியேறினால் அந்தக் கணமே அது செல்லாமற் போகும். திரும்பி வர வழியில்லை.

"ஏஜென்சிக் கடன் முடியேல்லை. அப்பான்ர ஆஸ்பத்திரிச் செலவு. வீட்டு வாடகை. தங்கச்சி கம்பசில. நான் வந்திருந்தா எல்லாம் அதோட சரி. 2008 இல கொழும்பில என்னைப்போல ஒரு பெடியன் வந்திறங்கினா என்ன நடந்திருக்குமெண்டும் உங்களுக்குத் தெரியும்." சற்று நிறுத்தி, "நான் வேலை செய்த ரெஸ்ரோறன்ற் இந்தத் தெருவுக்குப் பின்னால. செய்தி வந்தண்டு இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான். பிறகு போய்க் கோப்பை கழுவினனான். இரவு பதினொரு மணிவரைக்கும்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீங்கள் காசு அனுப்பவேண்டாமெண்டு சொல்லியிருப்பியள்."

அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. அண்ணாவின் ஜக்கற் திறந்திருந்தது. "குளிருது, சிப்பைப் போடு" என்று, தானே அதைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

நான் எதைச் சொல்வது? என் ஆய்வுக் கட்டுரையில் அட்டவணைகள் இருந்தன, மேற்கோள்கள் இருந்தன. அதை எழுதிய பேனையின் காசு எங்கிருந்து வந்தது என்ற விபரம் மட்டும் இருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போனோம். மாதாந்தச் சீட்டு எடுத்தால் நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம். 2023 இல் 49 யூரோவுக்குத் தொடங்கிய சீட்டு அது. தொழிற்சாலைகளுக்கு நடுவே 17 மீற்றர் உயர இராஜகோபுரம். எங்கள் நாட்டிலிருந்து அகதியாக வந்த ஒரு குருக்களின் முயற்சியால் எழுந்து, 2002 இல் கும்பாபிஷேகம் கண்ட கோயில். அங்கே அப்பாவின் பெயரில் அண்ணா அர்ச்சனை செய்வித்தார். வெளியே வந்து ஒரு வாங்கில் இருந்தபோது அம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். அப்பாவின் அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டு. எல்லோருக்கும் கொடுத்தோம், உறவினருக்குத் தபாலில் அனுப்பினோம். அண்ணாவுக்கு மட்டும் அம்மா அனுப்பியிருக்கவில்லை. அன்றுதான் எனக்கே தெரியும்.

"பிழை என்னிலையும் இருக்கு தம்பி" என்று கையில் கொடுத்தார். திரும்பும் ரயிலில் அண்ணா அதை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். பிறகு மகளுக்கு வாசித்துக் காட்டினார். அவளுக்கு விளங்காத சொற்களுக்கு அம்மா விளக்கம் சொன்னார்.

நாங்கள் ஆறு கிழமையில் வெள்ளவத்தைக்குத் திரும்பிவிட்டோம். நகரங்களின் படங்கள் என் தொலைபேசியில் இருக்கின்றன. அம்மாவிடம் யாராவது ஜேர்மனி எப்படி என்று கேட்டால், "மருமகள் நாலு மணிக்கு எழும்புறாள்" என்றுதான் தொடங்குகிறார்.

எல்லோராலும் போய்வர முடியாது என்பதை அறிவேன். வீசா கிடைக்காதவர்களும் இருக்கிறீர்கள், டிக்கற்றுக்கு வழியில்லாதவர்களும் இருக்கிறீர்கள். எவருமே அங்கு இல்லாதவர்களும் இருக்கிறீர்கள். ஆனால் தொலைபேசியில் ஒரு குரல் வருமானால், அடுத்த முறை "காசு கிடைச்சுது" என்பதோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்கு எழும்புகிறாய், யாரோடு இருந்து சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள். மனதில் நீங்கள் வைத்திருக்கும் கேள்வியையும் ஒருநாள் கேளுங்கள். பதில் நோகலாம். எங்களுக்கும் நொந்தது. ஆனால் அந்த நோவை மூன்று பேராகப் பங்கிட்டுக்கொண்டோம்.

வருகிற ஆண்டுத் திவசத்துக்கு அண்ணா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா ஒடியல்மாவும் மிளகாய்த்தூளும் இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.