ஒரு மீட்டர் சுற்றளவு

சிங்கப்பூரின் கிழக்கு மூலையில், சாங்கி வில்லேஜ் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவன் நான். பின்பக்கச் சன்னலைத் திறந்தால் குன்று தெரியும். அதன் மேல் பிரிட்டிஷ் படை விட்டுப்போன கறுப்பு வெள்ளை பங்களாக்கள். அவற்றைவிட மூத்த மரங்கள். பள்ளி விட்டதும் அண்ணனும் நானும் ஹால்டன் சாலை ஏறிவிடுவோம். தூங்குமூஞ்சி மரக் கிளைகளில் பெரணிகள் கொத்துக் கொத்தாகத் தொற்றியிருக்கும். தெம்புசு மரப்பட்டையின் வெடிப்புகளுக்குள் விரலை விட்டு எறும்புகளைப் பின்தொடர்வோம். தெம்புசு பூக்கும் நாட்களில் பொழுது சாய்ந்ததும் அந்த மணம் எங்கள் கூடம் வரை வந்துவிடும். விளக்கேற்றும் அம்மா, "இன்னிக்கு ஊதுவத்தி வேணாம்" என்பார்.

அப்பாவுக்கு மரங்களைக் கவாத்து செய்யும் வேலை. 1942 பிப்ரவரியில், ஜப்பானியப் பீரங்கிகளுக்குக் குறியாகிவிடும் என்று பிரிட்டிஷ் படையே வெட்டிச் சாய்த்த சாங்கியின் நெடுமரத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டதை, தானே பார்த்ததுபோல் சொல்வார். 1991இல் ஒரு மாலை அவர் முகத்தில் புதிய மலர்ச்சி. தீவின் நடுப்பகுதியிலும் எங்கள் சாங்கியிலும் மரப் பாதுகாப்புப் பகுதிகளை அரசு அறிவித்திருந்தது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிய மரத்தை, அது யார் தோட்டத்தில் நின்றாலும், அனுமதியின்றி வெட்டக் கூடாது.

"அப்போ நாங்களே அளந்து பாக்கலாமாப்பா?"

"அளங்க. ரம்பச் சத்தம் கேட்டா, அனுமதி இருக்கான்னும் கேளுங்க. தப்பில்லை."

அம்மாவின் தையல் நாடாவோடு குன்றேறினோம். பெரிய மரங்களுக்கு நாடா போதாது. முடிந்த இடத்தில் அண்ணன் கட்டைவிரலை அழுத்திக்கொள்ள, நான் மறுபடி சுற்றி வருவேன். பங்களா வேலியோரம் இளம் தெம்புசு ஒன்று நின்றது. சுற்றளவு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சட்டம் தொடாத மரம். எங்கள் கவலையெல்லாம் அதன் மேல்தான். விடுமுறைதோறும் போய் அளந்தோம். வளர்ந்ததா என்று பார்க்கப் போகப் போக, அதன் தளிர்க்கும் பருவமும், அதில் வந்தமரும் கிளிகளும், மழைநீர் வழியும் தடமும் எங்களுக்குப் பாடமாயின. அது ஒரு மீட்டரைத் தாண்டிய அன்று அப்பாவிடம் ஓடிச் சொன்னோம்.

2002இல் அதே ஹால்டன் சாலையருகே, சுமார் 150 வயதான அரிய செங்கால் பாசிர் மரம் அனுமதியின்றி வெட்டப்பட்டது. வெட்டிய தரப்புக்கு 8,000 வெள்ளி அபராதம். இழப்பீடு 76,000 வெள்ளிக்கு மேல். விழுந்த மரத்தைச் சிற்பங்களாகச் செதுக்கினார்கள். செய்தியைப் படித்த அப்பா, "கேக்க ஒரு ஆள் பக்கத்துல இருந்திருக்கணும்" என்றார்.

அபராதம் மரம் விழுந்த பிறகுதான் வருகிறது. ரம்பம் இறங்கும் முன்பே வந்து நிற்கக்கூடியவர்கள் அக்கம்பக்கத்தார் மட்டுமே. தன் தெரு மரத்தை வயதும் பருவமும் அறிந்து வைத்திருப்பவர்தான் அப்படி வந்து நிற்பார். அந்த அறிமுகத்தைச் சிறுவயதிலேயே செய்துவைத்துவிட வேண்டும்.