சுருள்வில்லுக்குள் ஒரு மண்டபம்

குரல் என்பது தொண்டையில் மட்டும் பிறப்பதன்று. அது பாதி நம்மிடத்திலும் பாதி நாம் நிற்கும் இடத்திலும் பிறக்கிறது. வெட்டவெளியான வயலில் நின்று பாடுகிறவனுக்கு அவன் பாட்டு அவனோடு முடிந்துவிடுகிறது. அதே மனிதன் உயர்ந்த கூரையுள்ள ஒரு கோவிலுக்குள் நின்று பாடினால் சுவர்களும் வளைவுகளும் அவனோடு சேர்ந்து பாடுகின்றன. புதுச்சேரியில் 1791இல் கட்டி முடிக்கப்பட்ட சம்பாக் கோவிலிலோ, 1907ஆம் ஆண்டைச் சேர்ந்த இருதய ஆண்டவர் பசிலிக்காவிலோ மக்கள் கலைந்த பின் மெல்ல இருமிப் பாருங்கள். அந்த இருமலுக்கும் ஒரு கம்பீரம் வந்து சேரும்.

பள்ளியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். ஆகையால் இதனைச் சற்று விளக்கிவிட்டு மேலே செல்கிறேன். 17 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் மோதி வரும் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வந்து தனியே கேட்கும், அது எதிரொலி. பல சுவர்களிலிருந்து பலவாறு திரும்பும் ஒலிகள் பிரித்தறிய இயலாதபடி ஒன்றோடொன்று கலந்து மெல்லத் தேய்ந்தால் அது எதிர்முழக்கம். கித்தார் வாசிக்கும் இளைஞர்கள் 'ரிவெர்ப்' என்று சொல்வது இதைத்தான். இந்த எதிர்முழக்கத்தை ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்துக் காலால் மிதித்து வரவழைக்கும் கருவி எங்கள் குடும்பத்தில் ஒரு விவாதப் பொருளானது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

பாகூர்ப் பக்கத்தில் கடலோரமாக உள்ள மணப்பட்டில் என் தங்கை வசிக்கிறாள். அவள் கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகன் ஒரு தொழிற்கூடத்தில் வேலை பார்க்கிறான். மகள் கல்லூரியில் பயில்கிறாள். மகன் ஞாயிறுதோறும் பாடற்குழுவில் கித்தார் வாசிப்பவன். மற்ற நாள்களில் அவன் நெஞ்சைக் கவர்ந்தது 'சர்ஃப்' இசை என்பதாகும். அலைச்சறுக்கு என்னும் விளையாட்டை ஒட்டி 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாக் கடற்கரையில் பிறந்த இசை அது. அதன் புகழ்பெற்ற பாடங்கள் பலவற்றில் சொற்களே இல்லை. கித்தாரின் தடித்த கம்பியை மின்னல் வேகத்தில் மீட்டி, உருண்டு வந்து கரையில் உடையும் அலையைக் காதுக்குக் காட்டுவதே அதன் நோக்கம். சவுக்குத் தோப்புக்கு அப்பால் இரவெல்லாம் கடல் முழங்கும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு அது பிடித்துப்போனதில் எனக்கு வியப்பில்லை.

ஆனால் எதிர்முழக்கம் இல்லாத சர்ஃப் இசை உப்பில்லாத மீன்குழம்பு போன்றது. தாழ்ந்த கூரையும் துணிமணிகளும் பாயும் நிறைந்த அவன் அறையில் கித்தார் வறண்டு ஒலித்தது. "மாமா, ஒரு ஸ்பிரிங் ரிவெர்ப் பெடல் வாங்கணும். எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்று என்னிடம் வந்தான். ஓராண்டுக்கு மேலாகச் சேர்த்த பதினாலாயிரம் ரூபாய் அவன் கையில் இருந்தது. தங்கையோ ஒரே வாக்கியத்தில் எல்லை வகுத்துவிட்டாள்: "பாட்டு வேண்டாம்னு நான் சொல்லலை அண்ணே, சின்னவளுக்கு ஜூன் மாசம் எட்டாயிரம் ஃபீஸ் கட்டணும், அதுல கை வைக்காம எதை வாங்கினாலும் சரி." ஆக, எங்களிடம் இருந்தது ஆறாயிரம் ரூபாய்.

இந்தச் சுருள்வில் வித்தையின் வரலாறு நம் வாசகர்களுக்கு அந்நியமானதன்று. தொலைதூரத் தொலைபேசியில் குரல் எவ்வாறு பிந்தி வருகிறது என்பதை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிப் பார்க்க, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் உலோகச் சுருள்வில்லைப் பயன்படுத்தினர். 1935இல் மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொணர்ந்த லாரன்ஸ் ஹாமண்ட் அந்த உத்தியைத் தம் கருவிக்கு எடுத்துக்கொண்டார். காரணம் எளியது. குழாய் ஆர்கன் வாங்க வசதியற்ற சிறு கோவில்களும் வீடுகளும் அவருடைய கருவியை வாங்கின. ஆனால் பேராலயத்தின் முழக்கம் அச்சிறிய கட்டடங்களில் இல்லை. கட்டடம் தராததைச் சுருள்வில் தந்தது. எளிய கோவிலின் குறையைத் தீர்த்த பொருளே பின்னர் கடற்கரை இளைஞர்களின் கைக்குப் போயிற்று என்பது எண்ணி மகிழத்தக்கது.

1961இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் ஹாமண்டின் சுருள்வில் தொட்டியை வாங்கி, வால்வுகளோடு ஒரு மரப்பெட்டிக்குள் பொருத்தி, கித்தாருக்கென விற்றது. 1963இல் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளேயே அதை அமைத்தது. தேவாலய இசையில் குழாய் ஆர்கனுக்குச் சிறப்பிடம் தந்து, தகுதியான பிற கருவிகளுக்கும் வழி திறந்த திருவழிபாட்டுச் சாசனத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

சர்ஃப் கித்தாரின் தந்தை எனப் போற்றப்படும் டிக் டேல் லெபனான் வழித்தோன்றல்; இயற்பெயர் ரிச்சர்ட் மன்சூர். 2019இல் மறைந்த அவர், எதிர்முழக்கத்தை முதலில் நாடியது தம் குரலுக்காகவே என்று பின்னாளில் கூறியிருக்கிறார். 1962இல் அவர் வாசித்துப் புகழ்பெற்ற 'மிசிர்லூ' கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியின் பழைய மெட்டு. அதன் சுரங்களை வரிசைப்படுத்தினால் நம் மாயாமாளவகௌளை வருகிறது! கருநாடக இசை பயிலும் குழந்தை முதன்முதல் பாடும் சரளி வரிசையின் அதே சுரங்கள். இதை என் மருமகனுக்குச் சொன்னபோது, பாட்டு வகுப்புக்குச் சென்றிருந்த அவன் தங்கை உடனே பாடிக் காட்டினாள். அன்றுமுதல் அந்த வீட்டில் சர்ஃப் இசை வெளியூர்ச் சரக்காக இல்லை.

இனி, பெட்டிக்குள் நடப்பது என்ன என்று பார்ப்போம். ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் நீளமுள்ள தகரத் தொட்டியில் இரண்டு அல்லது மூன்று மெல்லிய சுருள்வில்கள் தொங்குகின்றன. கித்தாரின் மின்னலை ஒரு முனையில் காந்தத்தை அசைக்கிறது. அந்த அசைவு வில்லின் வழியே ஓடி, மறுமுனையில் மீண்டும் மின்னலையாகிறது. நொடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு நேரம் பிந்துகிறது. ஐந்தரை மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் ஒலி மோதித் திரும்ப ஆகும் நேரம் அது. ஓடிய அசைவு முனையில் மோதித் திரும்பித் திரும்பி ஓடுவதால் அந்தச் சிறு தொட்டி மண்டபமாகிறது. மேலும், வில்லுக்குள் எல்லாச் சுருதிகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆகவே கம்பியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு வெடுக்கென மீட்டினால், கிணற்றில் நீர்த்துளி விழுந்தாற்போல ஒரு சொட்டொலி எழுகிறது. எந்தக் கோவிலிலும் கேட்காத அந்தச் சொட்டொலியே சர்ஃப் இசையின் முத்திரை.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, வால்வுகளோடு கூடிய பழைய முறைப் பெட்டி. அதன் ஒலிக்கு இணையில்லை. விலையோ எங்கள் கைக்கு எட்டாத உயரம். இரண்டாவது, வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வகைச் சாதனங்களோடு மெய்யான சுருள்வில் தொட்டியைச் சேர்த்த பெட்டிகள். 'சர்ஃபிபேர்' என்பது அவற்றுள் பெயர்பெற்றது. வெளிநாட்டிலிருந்து வருவிக்க ஐந்திலக்கத் தொகை வேண்டும். மூன்றாவது, வில்லே இல்லாமல், வில்லின் நடத்தையைக் கணக்கிட்டு உண்டாக்கும் டிஜிட்டல் பெடல்கள். 'பாஸ்' நிறுவனம் 1963ஆம் ஆண்டின் ஃபெண்டர் பெட்டியைப் பின்பற்றிச் செய்த எஃப்.ஆர்.வி.-1 இப்போது உற்பத்தியில் இல்லை. பழைய பொருளாகவே கிடைக்கும். அதே நிறுவனத்தின் ஆர்.வி.-6இல் பல வகை முழக்கங்களுள் ஒன்றாகச் சுருள்வில்லும் உண்டு. டி.சி. எலக்ட்ரானிக்கின் 'டிரிப்' போன்ற சிறு பெடல்கள் இந்த ஒலிக்கென்றே செய்யப்பட்டவை. விலை குறைந்த வேறு சில பெடல்களுக்குள் பெல்டன் நிறுவனத்தின் சிறு கட்டி ஒன்று இருக்கும். மூன்று எதிரொலிச் சில்லுகளை இணைத்து முழக்கத்தை உண்டாக்கும் எளிய அமைப்பு அது.

விலையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் மணப்பட்டுக்கு மூன்றாவது வழியே பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. கடலோரக் காற்று சன்னல் கம்பியையும் மிதிவண்டிச் சங்கிலியையும் என்ன செய்கிறது என்பதை அவ்வூர்க்காரர்கள் அறிவார்கள். மயிரிழை போன்ற எஃகு வில்லும் மெல்லிய செம்புச் சுருளும் அந்த உப்புக்காற்றுக்கு எத்தனை காலம் ஈடுகொடுக்கும்? பேருந்தில் தூக்கிச் செல்கையில் தொட்டி அதிர்ந்தால் வில்கள் பிணங்கும். வாசிக்கும்போது யாரேனும் தரையை உதைத்தால் இடி முழங்கும். டிஜிட்டல் பெடலுக்கு இத்தொல்லைகள் இல்லை.

இணைப்பு முனைகள் மட்டும் அதற்கும் துருப்பிடிக்கும். ஆகவே உலர்ந்த துணியில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் வைக்கச் சொன்னேன்.

புதுச்சேரியில் ஒரு கடைக்குச் சென்றோம். கடையின் உயர்ந்த விலைக் கருவிகளில் வாசித்துக் கேட்டால் எந்தப் பெடலும் இனிக்கும். ஆகவே அவன் கித்தாரையும் அவனுடைய சிறிய ஒலிபெருக்கியையும் உடன் எடுத்துச் சென்றோம். ஒவ்வொரு பெடலையும் ஐந்து விதமாகச் சோதித்தோம். கம்பியை அமுக்கி மீட்டினால் சொட்டொலி வருகிறதா? ஒரு சுரக்கட்டை மீட்டிவிட்டுச் சும்மா இருந்தால், முழக்கம் தகரம்போல் ஒலிக்காமல் இயல்பாகத் தேய்கிறதா? தடித்த கம்பியில் விரைந்து வாசிக்கையில் சுரங்கள் தனித்தனியே நிற்கின்றனவா, குழம்புகின்றனவா? பெடலை அணைத்தால் கித்தாரின் சொந்த ஒலி சிதையாமல் வருகிறதா? ஐந்தாவது, அதற்குத் திருகுகள் எத்தனை?

அந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. பழைய ஃபெண்டர் பெட்டியில் மூன்று திருகுகள் இருந்தன. எவ்வளவு முழக்கம் கலக்க வேண்டும் என்பதற்கு ஒன்று. அதன் கூர்மைக்கு ஒன்று. வில்லை எவ்வளவு வலுவாக உந்த வேண்டும் என்பதற்கு ஒன்று. இந்த மூன்றாவதை 'ட்வெல்' என்பர். மற்ற இசைக்கு அது இல்லாவிட்டாலும் குறையில்லை. சர்ஃப் இசைக்கோ அதுவே உயிர். கடைக்காரர் எடுத்துக் காட்டிய பளபளப்பான பெடலில் பதினொரு வகை முழக்கங்கள் இருந்தன, அந்தத் திருகு இல்லை. ஒரே வகை முழக்கமும் மூன்று திருகுகளும் கொண்ட எளிய பெடல் விலை குறைந்தது. சொட்டொலியும் அதில்தான் தெளிவாக விழுந்தது. மருமகன் என்னைப் பார்த்தான். "உன் காது என்ன சொல்கிறது?" என்றேன். "இதுதான் மாமா" என்றான்.

அதற்குரிய ஒன்பது வோல்ட் மின்னிணைப்பியின் முனைத் திசை சரிதானா என்று பார்த்து வாங்கினோம். தடித்த கம்பித் தொகுதி ஒன்றும் வாங்கினோம். எல்லாம் ஆறாயிரத்துக்குள் அடங்கிற்று. ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணமும் உரிய நாளில் கட்டப்பட்டது.

சில வாரங்களுக்குப் பின் ஒரு சனிக்கிழமை பாடற்குழுப் பயிற்சிக்குப் பெடலையும் கொண்டுவந்திருந்தான். வெறுமையாயிருந்த கோவிலில் ஒருமுறை கைதட்டச் சொன்னேன். தட்டிய ஓசை இரண்டு நொடிபோல் நின்று தேய்ந்தது. அவனே குனிந்து பெடலை அணைத்தான். "இங்கே கோவிலே கொடுக்குது மாமா, இதையும் போட்டா பாட்டுச் சொல் ஒண்ணும் புரியாது" என்றான். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், சொற்பொழிவு விளங்காத ஒரு கூடத்தைச் சீர்செய்யப் புகுந்த வாலஸ் சபைன் என்ற பேராசிரியர், இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, அவை முழக்கத்தை எவ்வளவு குடிக்கின்றன என்று அளந்தார். மனிதரும் அவ்வாறே ஒலியைக் குடிக்கிறார்கள் என்று கண்டார். எனவே சனிக்கிழமை முழங்கும் கோவில் ஞாயிற்றுக்கிழமை மக்கள் நிறைந்ததும் சற்று அடங்கும். அப்போதும் திருப்பாடலின் சொல் விளங்குவதே முதன்மை என்பதால் பெடல் அணைந்தே இருக்கிறது. வீட்டு அறையில், மாலையில் மட்டும், அது அலையாகிறது.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளும் ஒரு நாள் பெயர் விளங்காத ஏதோ ஒரு கருவியைக் கேட்டு வந்து நிற்பார்கள். வீண்செலவு என்று முதற்சொல்லிலேயே தள்ளிவிடாதீர்கள்; கேட்டவுடன் பணத்தை எடுத்தும் நீட்டாதீர்கள். வீட்டின் கடமைக்கு உரியதை முதலில் எடுத்து வைத்து, மீதி இவ்வளவு என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். பிறகு அந்தப் பொருள் எதற்காக, அது எவ்வாறு இயங்குகிறது, நம்மிடம் உள்ளதில் எது குறைகிறது என்று அவர்களோடு அமர்ந்து ஆராயுங்கள். குறைந்ததை மட்டும் வாங்கினால் போதும். ஏற்கெனவே இருப்பதை அணைக்கத் தெரிந்தவனிடம் சிறிய பெட்டியும் நன்றாகப் பேசும்.