சக்கரம் பூட்டிய வீட்டில் ஒரு பாடசாலை

அவுஸ்திரேலியாவின் வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். தெற்கே அடிலெய்ட், வடக்கே டார்வின். இவ்விரு நகரங்களுக்கும் நடுவே பரந்து கிடப்பது செம்மண் பாலை. 1862ஆம் ஆண்டு ஜோன் மெக்டூவல் ஸ்டுவர்ட் என்பவர் இப்பாலையைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து கடலைக் கண்டார். அவர் பெயரால் இன்று ஒரு நெடுஞ்சாலை உண்டு. போர்ட் ஒகஸ்டாவில் தொடங்கி டார்வின் வரை 2,700 கிலோமீற்றருக்கு மேல் நீளும் அப்பாதையில், நாட்கணக்கில் பயணம் செய்தாலும் காணும் ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்படிப்பட்ட பாதையில் ஒரு வேனையே வீடாக்கிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளுடன் மாதக்கணக்கில் வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அப்பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதில்லை. அப்படியானால் அவர்களுடைய கல்வி என்னாகிறது? ஆசிரியத் தொழில் செய்பவன் என்பதால் இந்தக் கேள்வி வழி நெடுகிலும் என்னைத் தொடர்ந்தது.

அடிலெய்டில் வசிக்கும் என் சகோதரியின் மகனுக்கு அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வேலை கிடைத்தது. சுமார் 1,500 கிலோமீற்றர் தரைவழிப் பயணம். அப்போது அங்கு சென்றிருந்த நானும் துணைக்குக் கிளம்பினேன். ஒக்டோபர் மாதம். லிட்டில் கில்பர்ட் வீதியிலுள்ள பள்ளிவாசலில் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். 1888-89இல் ஆப்கானிய ஒட்டகக்காரர்கள் கட்டிய பள்ளிவாசல் அது. பாலைவனத்தில் பொதி சுமந்து உழைத்த பணத்தில் எழுந்தது. அதன் முழுக் கதையை வழியில் ஒரு சிறுவன் எனக்குச் சொல்லித் தருவான் என்று அப்போது நான் எண்ணவில்லை.

கிளெண்டம்போ என்னும் இடத்தில் பெற்றோல் நிரப்பும்போது மருமகன் சொன்னார்: "மாமா, இதுக்குப் பிறகு 250 கிலோமீற்றருக்குக் கடை கண்ணி ஒண்டும் இல்ல. தண்ணியும் இங்கயே எடுத்துக்கொள்ளுவம்."

பூமிக்குள் ஓர் ஊர்

அந்த 250 கிலோமீற்றரையும் கடந்தால் வருவது கூபர் பீடி. ஓப்பல் என்னும் இரத்தினக் கல்லுக்குப் பேர்பெற்ற ஊர். கோடையில் வெயில் 40 பாகைக்கு மேல் ஏறுவதால் இங்கே பலர் குன்றைக் குடைந்து அதற்குள் வீடு அமைத்து வாழ்கிறார்கள். வெளியே எவ்வளவு வெயிலாயினும் உள்ளே வெப்பம் 23, 24 பாகையில் நிற்கிறது. ஊரைச் சுற்றிப் பார்த்த இடமெல்லாம் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண் குவியல்கள். திறந்து கிடக்கும் குழிகளில் விழாதிருக்க, 'ஓடாதே, பின்பக்கமாக நடக்காதே' என்று எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊர் உண்டானதே ஒரு சிறுவனால்தான்! 1915 பெப்ரவரியில், தங்கம் தேடி வந்த குழுவொன்றில் தன் தந்தையுடன் வந்திருந்த வில்லி ஹட்ச்சிசன் என்ற 14 வயதுப் பையன், தண்ணீர் தேடிப் போன இடத்தில் ஓப்பல் துண்டுகளைக் கண்டெடுத்தான். பெரியவர்கள் தேடியது ஒன்று, பிள்ளை கண்டது வேறொன்று.

வேன் வீட்டுக் குடும்பத்தை நாங்கள் சந்தித்தது இந்த ஊரில்தான். நாங்கள் தங்கிய முகாம் நிலத்தில், அடுத்த மரத்தடியில் நின்றது அவர்களது வண்டி. நம் நாட்டிலும் ஓடும் ஹையேஸ் வேன்தான். கூரையை மட்டும் உயர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கூடாரம். தந்தை தச்சர், போகும் ஊர்களில் சில வாரம் வேலை செய்வார். தாய் முன்பு தாதியாக இருந்தவர். 13 வயதில் ஒரு மகள், 9 வயதில் ஒரு மகன், 6 வயதில் கடைக்குட்டி. குயின்ஸ்லாந்தைவிட்டுப் புறப்பட்டு ஒன்றரை வருடம் ஆகிறது என்றார்கள்.

மணி அடிக்காத பாடம்

பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று அத்தாயிடம் கேட்டேன். மருமகன் இடையிருந்து மொழிபெயர்த்தார். அவர் பதில் சொல்லாமல் வேனின் பின்கதவைத் திறந்து தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். 80 லீற்றர் பிடிக்கும் தொட்டி. அதன் பக்கத்தில் வர்ணப் பேனாவால் கோடுகள். குடிக்க, சமைக்க, கழுவ ஐவருக்கும் ஒரு நாளைக்கு 25 லீற்றர் போகிறது. அப்படியானால் தொட்டி எத்தனை நாளைக்கு? கோடு போட்டு மூன்று நாள் என்று கண்டுபிடித்தவள் ஆறு வயதுக் கடைக்குட்டி. நான்காம் நாள் தண்ணீர் இல்லாமற் போகும் என்பதால், அந்தக் கணக்கு பிழைக்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

இதைத்தான் அங்கே இயற்கைக் கற்றல் என்கிறார்கள். ஜோன் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் இக்கருத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். பிள்ளைகள் வகுப்பறையில் ஏன் தோற்கிறார்கள் என்று 1964இல் ஒரு நூல் எழுதினார். 1977இல், பாடசாலை இல்லாமல் பிள்ளை வளர்க்கும் குடும்பங்களுக்காக ஒரு சஞ்சிகையையே தொடங்கினார். பிள்ளை இயல்பிலேயே அறிய விரும்புவது. அதன் கேள்வியைப் பின்தொடர்ந்து பெரியவர்கள் உதவினால் போதும் என்பது அவரது கொள்கை. நேரசூசி இல்லை, பரீட்சை இல்லை.

ஒன்பது வயது மகனைப் பார்த்தேன். அலிஸ் ஸ்பிரிங்ஸ் ரயில் நிலையத்தில் 'கான்' என்னும் ரயிலைக் கண்டானாம். அதன் சின்னம் ஓர் ஒட்டகம். ரயிலுக்கு ஏன் ஒட்டகம் என்று கேட்டான். தாயும் தந்தையும் விடை சொல்லாமல், அவனையே தேட வைத்தார்கள். மூன்று வாரம் அதே தேட்டம். 1860இல் மத்திய அவுஸ்திரேலியாவை ஆராயப் புறப்பட்ட குழுவுக்காக ஒட்டகங்களும் அவற்றை மேய்ப்போரும் கப்பலில் வந்தது. பின்னர் ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் மேலும் பலர் வந்தது. 1872இல் அடிலெய்டையும் டார்வினையும் இணைத்த தந்திக் கம்பிக்கும் பின்னர் ரயில் பாதைக்கும் அவர்கள் சாமான் சுமந்தது. 'ஆப்கான்' என்ற சொல்லே சுருங்கி அந்த ரயிலின் பெயரானது. மோட்டார் லொறிகள் வந்ததும் அவிழ்த்துவிடப்பட்ட ஒட்டகங்கள் பாலையில் பெருகியது! எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் வரைந்து வைத்திருந்தான். அடிலெய்டில் அவர்கள் கட்டிய பள்ளிவாசலில் அன்று காலை தொழுதுவிட்டு வந்தேன் என்று சொன்னதும் அவன் கண்கள் விரிந்தன. அதற்கு எத்தனை மினாரா, யார் பாங்கு சொல்வது, உள்ளே கதிரை உண்டா என்று அவன் கேட்ட கேள்விகளுக்கு அன்று மாலை முழுவதும் நான் மாணவனைப் போல் விடை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வானொலியில் வந்த வகுப்பு

அலிஸ் ஸ்பிரிங்ஸ் சேர்ந்ததும் நான் முதலில் பார்க்க விரும்பிய இடம் அங்குள்ள வான்வழிப் பாடசாலை. பாலையிலுள்ள மாட்டுப் பண்ணைகளில் வாழும் பிள்ளைகளுக்காக 1951இல் தொடங்கப்பட்டது. தூர இடங்களுக்கு விமானத்தில் செல்லும் மருத்துவர் சேவைக்கென்று வானொலிக் கருவிகள் ஏற்கெனவே அப்பண்ணைகளில் இருந்தன. ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் அதற்கென, தையல் மெஷினைப் போலக் காலால் மிதித்து இயக்கும் கருவியை உருவாக்கியிருந்தார். அதே வானொலியில் பாடமும் சொல்லிக் கொடுக்கலாமே என்று யோசனை சொன்னவர் அடிலெய்ட் மீத்கே என்ற ஆசிரியை.

இன்று வானொலிக்குப் பதிலாகச் செய்மதி வழியாக முகம் பார்த்துப் பாடம் நடக்கிறது. இந்த ஒரு பாடசாலையின் பரப்பு சுமார் 13 இலட்சம் சதுர கிலோமீற்றர். நமது இலங்கையைப் போல் இருபது மடங்கு! ஆயினும் ஆசிரியர் திரையில் தோன்றுவது சிறிது நேரமே. மற்றைய நேரமெல்லாம் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து பாடத்தை நடத்துபவர் வீட்டிலுள்ள ஒருவர். பெரும்பாலும் அது தாயாகவே இருக்கிறார்.

வான்வழிப் பாடசாலையில் பாடத்திட்டம் உண்டு, ஆசிரியர் உண்டு, ஒப்படை உண்டு. வேன் வீட்டில் இவை எதுவும் இல்லை. இரண்டும் எதிரெதிரான வழிகள். ஆனால் இரண்டுமே நிற்பது ஒரே தூணில்தான்: பிள்ளையின் பக்கத்தில் பொறுமையோடு இருக்கும் ஒரு பெரியவர். அவர் இல்லையேல் பாடத்திட்டமும் பயன் தராது, பாலைவனமும் பாடம் சொல்லாது.

வீட்டில் கற்பிப்பதற்கு அவுஸ்திரேலியாவில் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் தம் இஷ்டப்படி அல்ல. அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். குயின்ஸ்லாந்தில், பிள்ளை என்ன முன்னேற்றம் கண்டது என்று வருடந்தோறும் அறிக்கை கொடுக்க வேண்டும். ஆகவே அந்தத் தாய் ஒவ்வொரு இரவும், பிள்ளைகள் உறங்கிய பின், சிறு விளக்கொளியில் ஒரு கொப்பியில் குறிப்பெழுதுகிறார். தண்ணீர்த் தொட்டிக் கணக்கும் ஒட்டகக் கதையும் அதில் திகதியுடன் பதிவாகின்றன. 'பாடம் இல்லாத பாடசாலை' என்று சொல்வது எளிது. அதன் ஆசிரியைக்கு விடுமுறை இல்லை என்பது அந்தக் கொப்பியைக் கண்டவர்களுக்குத்தான் தெரியும்.

படத்தில் தெரியாதவை

வேன் வாழ்க்கையைப் பற்றிய அழகான படங்களை இன்று கைத்தொலைபேசியில் அநேகர் பார்க்கிறார்கள். படத்தில் தெரியாத விஷயங்களும் உண்டு. அவற்றை அந்தத் தாயே மறைக்காமல் சொன்னார்.

மகன் எட்டு வயது வரை வாசிக்கவில்லை. தானாக வரும், காத்திருங்கள் என்று இவ்வழியில் செல்லும் மற்றவர்கள் சொன்னார்கள். பாட்டியோ தொலைபேசியில் அழுதார். தாய்க்கு இரவில் தூக்கம் வரவில்லை. இறுதியில் ஒரு நகரத்தில் நிறுத்தி, கண்ணையும் காதையும் பரிசோதித்தார். குறை ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகே காத்திருந்தார். இப்போது அவன் வாசிக்கிறான். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகிவிடும் என்று சொல்ல முடியாது. பார்வைக் குறையோ, எழுத்தைப் பிரித்தறியும் சிரமமோ உள்ள பிள்ளையை 'தானாக வரும்' என்று விட்டுவைத்தால், வருடங்கள் வீணாகும். பல பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய ஆசிரியரின் கண் இவ்விடத்தில் தேவைப்படுகிறது.

திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டியவையும் உண்டு. அரபுக் கல்லூரியில் தினந்தோறும் பாடம் ஒப்புவித்து வளர்ந்தவன் நான். சில அறிவு ஆர்வத்தால் வருகிறது. சில அறிவு, ஆர்வம் ஓய்ந்த நாளிலும் உட்கார்ந்து படிப்பதால் மட்டுமே வருகிறது. இதை அத்தாயிடம் சொன்னபோது அவரும் ஆமோதித்தார். கூட்டல் கழித்தல் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்தது. பின்னங்களுக்கோ புத்தகத்தைத் திறந்து தினமும் அரை மணி நேரம் அமர வேண்டியிருந்தது என்றார்.

எல்லாவற்றிலும் பெரியது மூத்த மகளின் விஷயம். அவள் ஊர் ஊராக நட்புத் தேடினாள். பத்து நாள் பழகுவாள், பிரிவாள், அழுவாள். அண்மையில் ஒரு நாள் தாயிடம் வந்து, தான் பாடசாலைக்குப் போக விரும்புவதாகச் சொன்னாளாம். ஒரே இடம், ஒரே தோழிகள், ஒரு விளையாட்டுக் குழு, இவை வேண்டுமாம். தந்தைக்கு இது பெரும் ஏமாற்றம். இன்னும் மேற்குக் கரையைப் பார்க்கவில்லை. அதற்கெனச் சேர்த்த பணமும் இருந்தது. கணவன் மனைவிக்கிடையே பல இரவுகள் இது பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது.

"பிள்ளையின் கேள்வியைப் பின்தொடர்வதுதான் எங்கள் வழி என்று சொல்லிக்கொண்டு வந்தோம். இப்போது அவள் கேட்பது பாடசாலை. ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டபோது செவிசாய்த்த நாங்கள், இதற்கு மட்டும் காதைப் பொத்திக்கொள்வது நியாயமா?" என்றார் அந்தத் தாய். வருட முடிவில் திரும்பிச் செல்வது என்று தீர்மானித்துவிட்டார்கள். தந்தையும் சம்மதித்துவிட்டார். அந்தப் பயணத்தில் நான் கண்டவற்றுள் மிகப் பெரிய பாடம் இதுதான். தன் கொள்கையைவிடத் தன் பிள்ளையைப் பெரிதாக மதிப்பவரே உண்மையான ஆசிரியர்.

வாசக சகோதரிகளே!

வேன் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள் என்று இதை எழுதவில்லை. நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். நம் பிள்ளைகளுக்குப் பாடசாலை பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பாலைவனத்துப் பிள்ளையொன்று பெரும் பாக்கியமாக நினைக்கும்.

ஆனால் பாடசாலை முடிந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு, அதன் பின்னும் விழித்திருக்கும் நேரம் எவ்வளவு! அந்த நேரத்தில் அது கேட்கும் 'ஏன் உம்மா?' என்ற கேள்விக்கு நாம் என்ன செய்கிறோம்? 'வேலையாயிருக்கிறேன், போ' என்கிறோமா? வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் கணக்கை மகளிடம் கொடுத்துப் பாருங்கள். மாதாந்த மின்சாரப் பட்டியலை மகனை வாசிக்கச் சொல்லுங்கள். கடைச் சாமான் துண்டை அவர்களே எழுதி, விலை கூட்டி, மீதிக் காசை எண்ணி வரட்டும். பிழைத்தால் ஏசாமல், எங்கே பிழைத்தது என்று தேட வையுங்கள். நமக்கே விடை தெரியாத கேள்வியாயின், 'வா, சேர்ந்து தேடுவோம்' என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் எதுவுமில்லை.

பிள்ளை உண்மையில் என்ன கேட்கிறது என்று உற்றுக் கேட்கப் பழகுவது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். சில வேளை அது ஒட்டகத்தைப் பற்றிக் கேட்கும். சில வேளை தோழிகள் வேண்டும் என்று கேட்கும். இரண்டுக்கும் ஒரே அளவு செவி கொடுக்கும் வீடு, சக்கரத்தின் மேல் நின்றாலென்ன, அத்திவாரத்தின் மேல் நின்றாலென்ன, அது நல்லதொரு பாடசாலைதான்.