கடை வாசலோடு நின்றுவிடும் சட்டம்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாக் காலத்தில் தீவகத்து வீடுகள் உயிர் பெறுவது வழக்கம். குறிகட்டுவான் இறங்குதுறையில் சனம் நிரம்பி வழியும். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த வீடுகளின் முற்றங்களைக் கூட்டித் துப்புரவாக்குவார்கள். கனடாவிலும் இலண்டனிலும் இருந்து வந்தவர்களின் குரல்கள் வேலிகளுக்கு மேலால் கேட்கும்.

2018ஆம் ஆண்டு, திருவிழா முடிந்து மச்சம் சமைத்த முதல் நாள், வேலணையில் என் தமக்கையின் வீட்டு மாமரத்தின் கீழ் ஆண்கள் கூடியிருந்தோம். றொறன்ரோவில் இருந்து வந்திருந்த என் மருமகன் போத்தலைத் திறந்தார். அருகில் அவருடைய தங்கையின் மகன் நின்றான். பதினெட்டு வயது. ஓகஸ்ட் மாதம் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தவன். அவனுக்கும் ஒரு கிளாசில் ஊற்றினார்.

"எங்களுக்கு முன்னாலை குடிச்சுப் பழகட்டும். பிறகு களவாக் குடிக்க மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். பையன் என் முகத்தைப் பார்த்தான். நானும் சிரித்தேன்.

அன்று மாலை நண்பன் ஒருவனை இறக்கிவிட்டு வருவதாகக் கூறி மோட்டார் சைக்கிளை எடுத்துச் சென்றவன், புங்குடுதீவுத் தாம்போதியில் விழுந்தான். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை முறிந்தது. அவ்வாண்டுப் பரீட்சையை எழுத முடியாமற் போயிற்று.

ஆஸ்பத்திரி விறாந்தையில் தமக்கை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "நீ பேப்பரிலை எத்தினையை எழுதினனி. அண்டைக்கு ஏனடா வாயைத் திறக்கேல்லை?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

என்னுடைய சிறு பிராயத்திலும் இது புதிதன்று. பத்து வயதில், கழுவிய போத்தலைக் கையில் தந்து, "தம்பி, ஒருக்காத் தவறணைக்குப் போட்டு வா" என்று குஞ்சையா என்னை அனுப்புவார். யாருக்கு என்று தவறணைக்காரருக்குத் தெரியும். ஆகவே அவர் கேட்பதில்லை. திரும்பும் வழியில் ஒரு வாய் குடித்துப் பார்த்ததும் உண்டு. கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி என்பது ஊரின் நம்பிக்கை. முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது கருப்பணி. தடவாமல் விட்டால் சில மணி நேரத்திலேயே புளித்து மதுவாகிவிடும். அந்த வேறுபாட்டை எங்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

பத்திரிகையில் சேர்ந்த பின்னர் நீதிமன்றச் செய்திகள் பல எழுதினேன். கசிப்புக் காய்ச்சியவர், அனுமதிப்பத்திரமின்றிச் சாராயம் விற்றவர், தண்டப்பணம் கட்டியவர் என்று எத்தனையோ வழக்குகள். வீட்டு முற்றத்தில் மருமகனுக்கு ஊற்றிக் கொடுத்த மாமன் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நான் கண்டதேயில்லை.

காரணம் இருக்கிறது. புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதைக் குற்றமாக்குகிறது. நல்ல சட்டம். ஆயினும் அதன் பார்வை பெரும்பாலும் விற்பவர் மீதே. வயது வந்த ஒருவர் முறைப்படி வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்த போத்தல், அதன் பிறகு யார் கைக்குப் போகிறது என்பதை மதுவரித் திணைக்களத்தார் மாமரத்தின் கீழ் வந்து பார்க்கப் போவதில்லை.

என் மருமகன் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் நிலைமை வேறு. அங்கே 19 வயதுக்குக் குறைந்தவருக்கு வீட்டில் வைத்து மது கொடுக்கப் பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ மட்டுமே சட்டம் இடமளிக்கிறது. மாமனுக்கு அந்த உரிமை இல்லை. இங்கிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்தவருக்காகக் கடையில் மது வாங்கிக் கொடுப்பது 2003ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். அங்கெல்லாம் சட்டத்துக்கு அஞ்சி நடக்கும் நம்மவர்கள், விமானத்தை விட்டு இறங்கியதும் அந்த அச்சத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

'முன்னால் குடித்தால் களவாகக் குடிக்க மாட்டான்' என்ற வாதமும் ஆராயப்பட்ட ஒன்றுதான். அவுஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,900 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஆய்வு ஒன்று 2018இல் லான்செற் குழும மருத்துவ இதழில் வெளியானது. பெற்றோர் கையால் மது பெற்ற பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிட்டவில்லை. அவர்கள் பிறரிடமிருந்தும் மது பெறும் வாய்ப்பே கூடியது. விபத்து நேர்ந்த அதே ஆண்டில் வெளியான ஆய்வு. நான் அதைப் படித்தது பிறகுதான். படித்திருந்தாலும் அன்று சிரித்திருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய என்னால் இயலாது. சபையில் ஒருவரைக் குறை சொல்லி முகம் முறிப்பது நமக்கு அவ்வளவு பெரிய பாவமாகத் தெரிகிறது.

2023இல் மருமகன் மறுபடியும் வந்தார். அதே மாமரம், அதே கதிரைகள். இம்முறை அருகில் நின்றவன் பையனின் தம்பி. பதினாறு வயது. மருமகன் கிளாசை எடுத்தார். நான் எழுந்து அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

"ஏன் மாமா, ஒரு சொட்டுத்தானே?"

"இவனுக்கு வேண்டாம். உங்களுக்கு வேணுமெண்டால் குடியுங்கோ."

அவர் முகம் கறுத்தது. சாப்பிடாமலே எழுந்து போனார். தமக்கை ஒன்றும் பேசாமல் மற்றவர்களுக்குச் சோறு பரிமாறத் தொடங்கினார்.

மருமகன் இன்னும் என்னோடு முன்போலக் கதைப்பதில்லை. இந்த மனத்தாங்கலை ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.