மாமாவின் சோடா மெஷின்

கண்ணாடிப் புட்டியின் கழுத்துக்குள் ஒரு குண்டைச் சிறைவைத்து, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தாலேயே அதை மூடியாக்கும் வடிவமைப்பை ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். ஜப்பானில் 'ராமுனே' என்ற பெயரில் அந்தப் புட்டி இன்றும் விற்பனையில் இருக்கிறது. நம்மிடம் காட் என்பவரின் பெயர் தங்கவில்லை. குண்டின் பெயரால் அது கோலி சோடா ஆயிற்று. தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்தவரைச் 'சோடாப்புட்டி' என்று அழைத்தோம். அரசியல் மேடையில் பேச்சாளரின் தொண்டையை நனைத்த அதே பொருள், கூட்டத்தில் கலகம் மூண்டால் ஆயுதமாகப் பறந்தது. செய்தித்தாள்களில் 'சோடா பாட்டில் வீச்சு' என்ற தொடரை வாசித்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. வாயு நிறைந்த கண்ணாடி உடைந்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தொடர் ஒருவாறு சொல்லிவிடும். அந்தப் புட்டிகளை நாள்தோறும் நிரப்பியவர்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் என் தாய்மாமா சோடாக் கம்பெனி நடத்தினார். கம்பெனி என்பது ஓர் ஓட்டுக்கொட்டகை, ஒரு தொட்டி, ஒரு மெஷின். நான் பிறப்பதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1978 கோடையில், நிரப்பிக்கொண்டிருந்த புட்டி வெடித்து அவருடைய இடக்கண் போயிற்று. மூன்றாம் மாதமே மறுபடி மெஷின் முன் நின்றாராம். 1996இல் கம்பெனியை மூடினார். பன்னாட்டுக் குளிர்பானங்கள் பிளாஸ்டிக் புட்டிகளில் எங்கள் பேருந்து நிறுத்தம் வரை வந்துசேர்ந்திருந்த காலம் அது. 2011இல் மாமா காலமானார். மெஷின் மாட்டுத்தொழுவத்தின் மூலையில் வைக்கோலுக்கடியில் கிடந்தது.

2017இல், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, தமிழக வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் பன்னாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தபோது கோலி சோடாவுக்குத் திடீர் மவுசு வந்தது. உணவகங்களை அலங்கரிக்கும் ஒருவர் மெஷினுக்கு விலை கேட்டு வந்தார். அத்தை கொடுக்கவில்லை. சென்ற ஆண்டு, "நீயே எடுத்து என்னமும் செய் மருமவனே, தொழுவத்துல பாம்பு அடையுது" என்றார். இப்படித்தான், தொல்காப்பியம் நடத்திப் பிழைக்கும் நான் ஓர் இயந்திரத்துக்குப் பொறுப்பாளி ஆனேன்.

அதன் அமைப்பு எளிது. வார்ப்பிரும்பாலான இரு தூண்கள். அவற்றுக்கிடையே சுழலும் சட்டம். அதில் நான்கு புட்டிகளைப் பொருத்தும் பித்தளைத் தலைகள். சட்டத்தின் அச்சு உள்ளே குழலாக இருக்கும். உருளையிலிருந்து வரும் கரியமிலவாயு அச்சுக்குள் நுழைந்து புட்டிகளைச் சென்றடையும். கைப்பிடியைச் சுழற்றினால் புட்டிகள் கரணமடிக்க, நீரும் வாயுவும் கலக்கும். கடைசியில் வாய் கீழ்நோக்கும்படி நிறுத்தி, வாயுவை அடைத்து, தலையிலுள்ள அழுத்தத்தை விடுவித்தால், கழுத்துக்கு உருண்டு வந்த கோலியை உள்ளழுத்தம் ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மாமா விடியலுக்கு முன்பே வேலையை முடிப்பதற்குக் காரணம் இருந்தது. 0 பாகையில் தண்ணீர் ஏற்கும் வாயுவில் பாதியைக்கூட 30 பாகையில் அது ஏற்காது. வெயில் ஏற ஏற, அதே காரத்துக்குக் கூடுதல் அழுத்தம் தேவை. கூடுதல் அழுத்தம் கண்ணாடிக்கு ஆகாது.

தென்காசிச் சாலையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வேலையை ஏற்றார். துருவேறிய போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் நான்கு நாள் ஊறவைத்தார். ஒன்றுக்கும் கடையில் மாற்று கிடைக்கவில்லை. எல்லாம் பழைய ஆங்கில அங்குல மரை. "மில்லிமீட்டர் போல்ட்டு இதுல ஏறாது சார், நானே மரை வெட்டணும்" என்று சலிப்பும் மகிழ்ச்சியுமாகச் சொன்னார். பித்தளைத் தலைகளின் உட்புறம் பெரிய பாடாயிற்று. வாயு கரைந்த நீர் அமிலத்தன்மை உடையது; வெறும் பித்தளையை மெல்ல அரிக்கும். அதனால்தான் முன்பு உள்ளே ஈயம் பூசுவார்கள். 'ஈயம் பூசலையோ' என்று தெருவில் கூவிவந்த குரல் ஓய்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. பாத்திரக்கடை வீதியில் விசாரித்து, எழுபதைக் கடந்த ஒருவரைக் கண்டுபிடித்தோம். நவச்சாரம் தூவி, பஞ்சால் ஒரே இழுப்பில் அவர் பூசியதைப் பார்க்க என் மாணவர்களை அழைத்துவராமல் போனோமே என்று தோன்றியது.

சிக்கல் கம்பி வலையால் வந்தது. கண்ணை இழந்தபின் மாமா சைக்கிள் ஆரக்கம்பிகளை நெருக்கமாக வளைத்து, சுழல்சட்டத்தைச் சுற்றி ஒரு கூண்டு கட்டியிருந்தார். கோணல்மாணலான வேலை, பற்றவைத்த இடங்கள் புண்போலத் தடித்திருந்தன. படங்களைப் பார்த்த நண்பர், பழம்பொருள் சேகரிப்பவர், கூண்டை அகற்றிவிட்டு அடியிலிருக்கும் பச்சை வண்ணத்தை மீட்டால்தான் அது மூலவடிவம் என்றார். எனக்கு உடனே பதிப்புத்துறைதான் நினைவுக்கு வந்தது. ஏடுகளை ஒப்பிட்டு, இடைச்செருகலை நீக்கி, மூலபாடத்தை மீட்பது எங்கள் துறையில் மரியாதைக்குரிய வேலை. அந்தக் கணக்கில் கூண்டு அப்பட்டமான இடைச்செருகல். ஆனால் அது யாரோ ஏடெழுதுவோன் கைதவறிச் சேர்த்த வரியன்று. முதல் வடிவத்தில் என்ன குறை என்பதைத் தன் உடம்பில் அறிந்த ஒருவர் எழுதிய திருத்தம். அதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது, தொழிற்சாலையிலிருந்து வந்த, இன்னும் எவரையும் காயப்படுத்தாத ஒரு பொருள். அப்படி ஒரு பொருளாக அது எங்கள் வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. நண்பருக்கு இது உணர்ச்சிவசப்பட்ட வாதமாகப் பட்டது. இருக்கட்டும்.

அத்தையிடம் கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஓட வைக்கணும்னா வை. அந்த வலையை மட்டும் யாரும் கழத்தப்படாது" என்றார். ஓடவே கூடாது என்பாரென்று எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

ஓட்டுவதென்றால் சோதனை வேண்டும். அறை வெப்பத்தில் வாயு உருளைக்குள் இருக்கும் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் அறுபது மடங்குக்கும் மேல். மாமாவிடம் ஒரு திருகு மட்டுமே இருந்தது. சீறும் ஒலியைக் கேட்டு அளவை முடிவுசெய்தார். நாங்கள் அழுத்தக் குறைப்பானும் பாதுகாப்பு வால்வும் பொருத்தினோம். அதற்கு முன், புட்டிகள் இல்லாமல் தலைகளை அடைத்து, குழாய்களைச் சோதிக்கும் கைப்பம்பால் தண்ணீரை ஏற்றினார் அண்ணாச்சி. தண்ணீர் அமுங்குவது மிகக் குறைவு என்பதால் எங்கேனும் விட்டுக்கொடுத்தாலும் அழுத்தம் சட்டென இறங்கிவிடும், வாயுவைப்போல் வெடித்துச் சிதறாது என்பது கணக்கு. பத்து கிலோவில் அரைமணி நேரம் முள் அசையவில்லை.

புட்டிகள்தான் அகப்படவில்லை. பரணில் பதினொன்று இருந்தன. கோலிக்காக உடைத்த சிறுவர்கள் (நானும் அந்தக் கூட்டத்தில் உண்டு) விட்டுவைத்த மிச்சம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீறல் கண்ட மூன்றை அண்ணாச்சி ஒதுக்கினார். எட்டில் நான்கைக் கூண்டுக்குள் பூட்டி, கார்த்திகை மாதத்து விடியலொன்றில் முதல்முறை சுழற்றினோம். கைப்பிடியின் மரம் மாமாவின் உள்ளங்கைக்குத் தக்கபடி ஒருபக்கம் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றவிடவில்லை. மூன்று புட்டிகளில் கோலி நின்றது, நான்காவதில் ரப்பர் கசிந்தது. அத்தை வாசலைத் தாண்டிக் கொட்டகைக்குள் வரவில்லை. முடிந்ததும் அங்கிருந்தபடியே கேட்டார்: "வலைக்கு வெளிய ஒரு சாக்கும் கட்டலாம்லா? அவுக கட்டுவாக."

சாக்குக் கட்டியாயிற்று. வெளியூரிலிருந்து தருவித்த புதுப் புட்டிகளின் வாய் சற்றுப் பெரிதாக இருப்பதால் பழைய தலையில் உட்காரவில்லை. அண்ணாச்சி இப்போது ஓர் இடைவளையம் கடைந்துகொண்டிருக்கிறார்.