கருமணலில் பிறந்த நீலம்

நாகர்கோவிலிலிருந்து குளச்சலுக்குக் கடலோரமாகச் செல்லும் வழியில், மண்டைக்காட்டுக்கு முன்னதாக வருவது மணவாளக்குறிச்சி. அவ்வூர்க் கடற்கரையில் கால் வைத்ததும் திடுக்கிட்டேன். மணல் என்றால் வெண்மை என்பதல்லவா நம் எண்ணம்? இங்கோ அலை விலகிய இடமெல்லாம் மைக்கூட்டைக் கவிழ்த்தாற்போலக் கருமை படர்ந்திருந்தது.

உடன் வந்த இளைஞர் கத்தி செய்பவர். வலிய காந்தம் ஒன்றை மணலருகே காட்டினார். கரிய துகள்கள் மீசைபோல் அதில் ஒட்டிக்கொண்டன.

“இதுதான் இல்மனைட், அண்ணாச்சி. இரும்பும் டைட்டானியமும் பிராணவாயுவும் கூடிய தாது. அந்த டைட்டானியத்தின் அழகை மாலையில் பட்டறையில் காட்டுகிறேன்” என்றார்.

1791-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், வில்லியம் கிரிகோர் என்னும் பாதிரியார் இத்தகைய கரிய மணலை ஆராய்ந்தே இவ்வுலோகத்தைக் கண்டறிந்தார். நம் கரைக்கு 1909-இல் புகழ் வந்தது. ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் அரிய தாதுவைக் கண்டார். அதன்பின் நம் மணல் கப்பலேறலாயிற்று.

மாலையில் பட்டறைக்குச் சென்றோம். கத்தியின் அலகு எஃகு. கைப்பிடித் தகடுகள் மட்டும் டைட்டானியம். திருகுகளைக் கழற்றித் தகடுகளைத் தனியே எடுத்தார். அலகில் அந்தச் சூடு ஏறினால் பதம் போய்விடுமாம். தகட்டைச் சாராயத்தால் துடைத்தார். விரல்ரேகை பட்டாலும் அவ்விடத்தில் நிறம் திரிந்துவிடுமாம்.

சுடரைக் காட்டினார். சாம்பல் நிறத் தகடு முதலில் வைக்கோல் நிறமாயிற்று, பிறகு பொன், பிறகு ஊதா. “இது என்ன சாயம்?” என்று நான் இடையில் கேட்டுத் தொலைத்தேன். அவர் முகம் திருப்பிய கணத்தில் ஆழ்ந்த நீலம் வந்து, வெளிறியும் போய்விட்டது! உப்புத்தாள் கொண்டு தேய்த்து மீண்டும் வெறும் உலோகமாக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பாவம், அவர் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை.

தேய்த்துக்கொண்டே விளக்கினார். சாயம் ஏதுமில்லை. சூட்டில் உலோகம் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, மிக மெல்லிய ஆடை ஒன்றைப் போர்த்துக்கொள்கிறது. அதன் மேற்புறத்திலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலக்கிறது. ஆடையின் கனத்துக்கேற்ப சில நிறங்கள் மங்கிச் சில ஓங்குகின்றன. மழைநீரில் மண்ணெண்ணெய் சிந்தினால் வானவில் தெரிகிறதே, அந்த வித்தைதான்.

இரண்டாம் முறை நான் மூச்சுக்கூட விடவில்லை. நீலம் மலர்ந்ததும் சுடர் விலகியது. மயில் கழுத்து தோற்றது!

“இந்தத் தகடு எந்த ஊர்ச் சரக்கு?” என்றேன்.

“வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது” என்றார், சற்று வெட்கத்துடன்.

மணல் நம்முடையது, தகடு பிறருடையது. 2011-இல் கேரளத்தின் சவராவில் இவ்வுலோகத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை தொடங்கியது என்பது ஓர் ஆறுதல். ஆயினும், மணலை அள்ள அள்ளக் கடல் ஊருக்குள் வந்துவிடுமோ என்ற கவலை கரையோர மக்களுக்கு உண்டு. அவர்கள் குரலுக்கும் செவி சாய்க்கத்தானே வேண்டும்? சுடரை விலக்கும் தருணம் அறிந்த அவ்விளைஞரின் நிதானம், மணலை அள்ளும் கைகளுக்கும் வேண்டும்.